உபரி ஆட்கள்

கெமாஸ் டவுனிலிருந்து ஆறு கட்டை, அதாவது ஆறு மைல், தள்ளியிருந்த ரப்பர் தோட்டத்தில் அமிர்தலிங்கம் சின்னக் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. அதே தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். அப்பா பால்மரம் வெட்டியவர்; ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ஆபீஸில் பேர்ப் புத்தகம் எழுத வந்தபோது அவருக்கு வயது பதினெட்டு. அதற்கு மேல் ஏற வேண்டுமானால் கல்லூரிப் படிப்பு வேண்டும். கல்லூரி சிங்கப்பூரில் இருந்தது. அது எட்டாது என்று தெரிந்ததும் லண்டனிலிருந்து தபாலில் பாடம் நடத்தும் ஒரு கல்லூரியில் சேர்ந்துகொண்டார். வேற்று மொழிக்காரர்களுக்கான ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி ஒன்று, பொருளாதார முதற்பாடம் மற்றொன்று.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப் போடுகிற டிரஸராக நான் இருந்தேன். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த தமிழர்கள் நாங்கள் இருவர்தான். அதனால் கட்டுரை திரும்பி வரும்போதெல்லாம் என்னிடம் கொண்டு வருவார். ஓரத்தில் சிவப்பு மையில் ஆசிரியர் எழுதியிருப்பார்: ‘உணர்ச்சி போதும். ஆதாரம் எங்கே?’ அதைக் காட்டும்போது அமிர்தலிங்கத்தின் முகத்தில் வருத்தமே இருக்காது. முகம் தெரியாத ஒருவர் தன் வரிகளை ஒன்றுவிடாமல் வாசித்திருக்கிறாரே என்ற பூரிப்புதான்.

“லண்டன்காரன் இன்னும் ஒன்னய பாஸ் பண்ணலியா தம்பி?” என்று சன்னாசி கேலி பண்ணுவார். சன்னாசி பக்கத்து வீட்டுக்காரர், பால்மரம் வெட்டுகிறவர், அமிர்தலிங்கத்துக்கு ஐந்து வயது மூத்தவர்.

“படிப்புன்னா அப்படித்தாண்ணே. மெதுவாத்தான் வரும்.”

“மெதுவா வரட்டும் லா. ஒங்கிட்ட வந்து சேர்றதுக்குள்ள கெழவனாயிடாத.”

ஜப்பான்காரன் வந்தான். கப்பல் நின்றது, பாடமும் நின்றது. துரைமார்கள் ஓடிப்போனார்கள். ரப்பரை வாங்க ஆள் இல்லாமல் போய்ப் பாலை வெட்டுவதே வீண் என்றாகிவிட்டது. அரிசி குறைந்து, மரவள்ளியும் குறைந்து, நாற்பத்து மூன்றாம் ஆண்டு பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் வீங்கிய கால்களோடு வரிசை நின்றது. என்னிடம் கொடுக்க மருந்து இல்லை. சோறு தவிர வேறு மருந்தும் அதற்கு இல்லை.

மேட்டுப் பக்கத்தில் கிழட்டு மரங்கள் நின்ற ஒரு சரிவு உண்டு. அதை வெட்டி மரவள்ளி போட்டால் தோட்டம் பிழைக்கும். ஆனால் கெமாஸிலிருந்த ஜப்பானிய அதிகாரியின் உத்தரவில்லாமல் ஒரு மரத்தைத் தொட்டாலும் தலை போகும். சன்னாசி வந்து கேட்டார்.

“ஒரு மனு எழுது தம்பி. புள்ளைங்க பசியில கெடக்கு, எசமான் காப்பாத்தணும்னு, நல்லா அழுது எழுது.”

தோட்டத்து மனுக்கள் அப்படித்தான் இருக்கும். காலில் விழுந்து தொடங்கி, காலில் விழுந்து முடியும்.

“அழுது எழுதுனா தூக்கிக் கெடாசிருவான்ணே,” என்றார் அமிர்தலிங்கம். “ஆதாரத்தோட எழுதணும்.”

மூன்று நாள் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதினார். லண்டன் பாடம் சொல்லித்தந்தபடியே முதலில் கூற்று, அடுத்து ஆதாரம், கடைசியில் முடிவு. தோட்டத்தில் வேலைக்காரர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். இப்போதைய பால்வெட்டுக்கு அறுபது பேர் போதும். மீதி நூற்று ஐம்பத்திரண்டு பேர் உபரி. அவர்களுடைய உழைப்பு வீணாகிறது. ஆகவே அந்த உழைப்பை நிலத்தில் போட அனுமதிப்பதே சிக்கனம். ஆதாரத்துக்கு ஆதாரமாக உபரி ஆட்களின் பெயர், வயது, உடல்நிலை எல்லாம் தனித்தாளில் இருந்தன.

“என் பேர மொதல்ல போடு. நெலம் பிரிக்கறப்ப நாந்தான் மொதல்ல நிக்கணும்,” என்றார் சன்னாசி.

நான் அதை இரண்டு தடவை வாசித்தேன். ஒரு காற்புள்ளியைத் திருத்தினேன். கல்லூரிக்கு அனுப்பியிருந்தால் முதல் மதிப்பெண் கிடைத்திருக்கும் என்று சொன்னேன்.

மனு கெமாஸுக்குப் போன பத்தாம் நாள், காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நான்கு லாரிகள் வந்தன. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும், மூன்று மாதம்தான், நல்ல சம்பளம் என்றார்கள். பிறகு ஒரு தாளைப் பார்த்துப் பெயர் வாசித்தார்கள்.

“சன்னாசி!”

இரண்டாவது பெயர், மூன்றாவது பெயர். மனுவில் அமிர்தலிங்கம் எழுதிய வரிசை மாறவே இல்லை.

சன்னாசி அவரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். எங்கள் மூவரைத் தவிர கூட்டத்தில் வேறு யாருக்கும் அந்தத் தாளைப் பற்றித் தெரியாது. பேர்ப் புத்தகத்திலிருந்து எடுத்தது என்றுதான் நினைத்திருப்பார்கள். சன்னாசி சத்தமாகச் சிரித்தார். “பாத்தீங்களாடா, சர்க்கார்லயே நாந்தான் மொதல் ஆளு!” என்று சொல்லிக்கொண்டே லாரியில் ஏறினார்.

அமிர்தலிங்கம் சைக்கிளை எடுத்துக்கொண்டு லாரிகளுக்குப் பின்னாலேயே கெமாஸுக்குப் போனார். நானும் போனேன். அதிகாரிக்கு மொழிபெயர்த்தவர் நாகூர் கனி, கடைத்தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர்.

“நிலத்துக்குத்தான் எழுதினேன் பாய். அந்தப் பேரையெல்லாம் அடிக்கச் சொல்லுங்க. இல்லேன்னா என்னயும் அனுப்பச் சொல்லுங்க.”

கனி உள்ளே போய்த் திரும்பி வந்தார். அவர் குரல் இறங்கியிருந்தது.

“பெரியவருக்கு ஒங்க கடுதாசி ரொம்பப் புடிச்சுப்போச்சு தம்பி. இவ்வளவு தெளிவா எந்தத் தோட்டத்துலேருந்தும் வரலியாம். மத்த எடத்துல ஆளில்ல, ஆளில்லன்னுதான் அழுவுறாங்க. நீங்க ஒருத்தர்தான் இத்தன பேரு மிச்சம்னு ருசுப்படுத்திக் குடுத்திருக்கீங்க. ஒங்கள விட மாட்டாரு. கிராணி தேவப்படுதாம்.” ஒரு சிகரெட்டை நீட்டினார். “இது அவரு குடுக்கச் சொன்னது.”

சரிவை வெட்ட அனுமதியும் கிடைத்தது. இருந்த அறுபது பேரும் பால்வெட்டில்; சரிவை வெட்டுவதற்குத்தான் ஆண்கள் இல்லை. பெண்களே கோடரி பிடித்தார்கள்.

சண்டை முடிந்து நாற்பத்தாறு பாதிவரை ஒருவர் இருவராகத் திரும்பினார்கள். நூற்று ஐம்பத்திரண்டு பேரில் வந்தவர்கள் இருபத்தொன்பது. சன்னாசி பர்மா எல்லைப் பக்கம் வாந்திபேதியில் போனதாக ஒருவர் சொன்னார். அந்தச் செய்தி வந்த மறுநாள் அமிர்தலிங்கம் என்னையும் கூட்டிக்கொண்டு சன்னாசியின் மனைவி முத்தாயியிடம் போனார்.

முத்தாயி மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். அமிர்தலிங்கம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். நிலம் கேட்டு எழுதியதையும், ஆதாரத்துக்காகப் பெயர் சேர்த்ததையும், அந்தத் தாளைத்தான் அன்றைக்கு வாசித்தார்கள் என்பதையும்.

முத்தாயி கத்தியைக் கீழே வைத்தாள்.

“இத்தன நாளா காலையில எந்திரிச்சா ஜப்பான்காரனத்தான் ஏசுவேன். அதுலதான் அடுத்த வேல ஓடும். நீங்க இத வந்து சொல்லிட்டீங்க. இனிமே நான் யார ஏசறது தம்பி?”

அந்த மனுவில் நான் திருத்திய காற்புள்ளியை அமிர்தலிங்கம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.