என் கடுக்காயும் என் வாளியும்

சாயத் தொழிலில் பட்டுநூலைவிடத் தண்ணீரைத்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும். சாயத் தொட்டியில் கை வெந்த அன்பர்களுக்கு இது தெரியும். பிள்ளையார்பாளையத்தில் தண்ணீர் பார்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். அடுத்தவர் பாத்திரத்தை நான் நம்பமாட்டேன். என் இரும்பு வாளியோடுதான் போவேன்.

ஜெர்மன் புட்டி

சாயம் போடும் முருகேசன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை என் வாளியில் இறைத்து, கொஞ்சம் தனியே எடுத்துக் கடுக்காய்க் கஷாயம் விட்டேன். மையாய்க் கறுத்தது. "இரும்புத் தண்ணி, சிவப்பு மங்கிடும், ஆகாது" என்றேன். அங்கே வந்திருந்த ஜெர்மன் சாயக் கம்பெனி ஏஜெண்டு சும்மா இருப்பாரா? வாளியில் மிச்சமிருந்த தண்ணீரில் தன் புட்டி மருந்தை விட்டார். நீலமானது. அதுவும் இரும்பென்றே அர்த்தமாம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் காதோரம் வந்து சொன்னார்: "கடுக்காயே போதும்னு எங்க தொரைகிட்ட சொல்லிடாதீங்க, எனக்கு வேலை இருக்காது."

மஞ்சள் துணி

பட்டுநூலைச் சலவைச் சோடாவில் அவித்த பிறகு அந்தச் சோடாக் காரம் போக அலச வேண்டும். ஏழு தரம் அலசினேன் என்று என்னோடு வேலை செய்யும் கன்னியப்பன் சத்தியம் பண்ணினான். மஞ்சளில் நனைத்த துணியை ஈரப்பட்டில் வைத்தேன். ஆரத்தித் தண்ணீர்போலச் சிவந்தது. காரம் போகவே இல்லை. அவன் பொருமினான்: "இருவது வருசமா கூட வேல செஞ்சிக்கினு இருக்கேன், என்னை நம்பாம துணிய நம்புறியே நைனா!"

செங்கம்மா கிணறு

செங்கம்மா வளையலை விற்றுக் கிணறு வெட்டியவள். தண்ணீர் நல்லது என்று நான் சொன்னால்தான் பட்டுக்கடை முதலாளி அவளிடம் சாயம் போடப் பட்டு அனுப்புவார். இறைத்தேன், கஷாயம் விட்டேன். கறுத்தது. "ஆகாதும்மா" என்றேன். அவள் அழவில்லை. பித்தளைக் குடத்தைக் கிணற்றில் இறக்கி, "இதுல ஊத்துங்க" என்றாள். ஊற்றினேன். வெளிர் மஞ்சளாகவே நின்றது, கறுக்கவே இல்லை! வாளிக்குள் விரலை விட்டுத் தேய்த்தேன், விரலெல்லாம் துரு.

அந்தக் குடத்தோடே முருகேசன் வீட்டுக்கு ஓடினேன். குடத்தில் இறைத்துக் கஷாயம் விட்டுப் பார்த்தால், அவன் கிணறும் தங்கமான கிணறு. பாவி மனுஷன், என் பேச்சைக் கேட்டு ஒரு வருஷமாகத் தெருக்கோடியிலிருந்து தண்ணீர் சுமக்கிறான். காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கே முதலாளியிடம் நானே போய்ச் சொல்ல, மறுநாள் செங்கம்மா வீட்டுக்குப் பட்டு வந்தது. குடத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் கேட்டாள்: "ஊர்க் கெணத்துக்கெல்லாம் நாடி புடிச்சீங்களே அண்ணே, உங்க வாளிக்கு ஒரு வாட்டி புடிச்சீங்களா?"

இன்றைக்கும் மார்தட்டிச் சொல்வேன், என் கடுக்காய் ஒருநாளும் பொய் சொன்னதில்லை, சொன்னதெல்லாம் நான்தான்.