கோயில் சாவி

அது 2009. வன்னியில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. அங்கிருந்த தம்பியிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அப்போதும் நான் லண்டனில், எங்கள் முருகன் கோயில் சாவியைப் புதிய தலைவரான மச்சானிடம் கொடுக்காமல் வைத்திருந்தேன். மறுநாள் பூசையில் அடிதடிக்கு இரு பக்கமும் ஆள் சேர்த்திருந்தோம்.

மகள் சரித்திரம் படித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, கிரிமியா யுத்தம் வந்ததுக்கு ஒரு காரணம், பெத்லகேம் தேவாலயக் கதவுத் திறப்பை ஆர் வைச்சிருக்கிறது எண்ட சண்டையாம்."

"எவ்வளவு சனம் செத்தது?"

"லட்சக்கணக்கில. உங்கட பொக்கற்றில கிடக்கிற திறப்பும் கவனம்."

சாவியைக் கையில் எடுத்தேன். உடனே மச்சான் வீட்டுக்குப் போனேன். கிரிக்கெட் மட்டையோடு கதவைத் திறந்தான்.

"அடிக்கவோ வந்தனீங்கள், அத்தான்?"

"இல்லையடா. இந்தா, திறப்பு."

அதுவரை குண்டு போடுகிறவர்களை நினைத்தே பயந்தேன். முருகன் அறிய, அன்று முதல் என்னை நினைத்தும் பயப்படுகிறேன்.