வாய்விட்டுச் சொன்ன ஓட்டு

இன்றைக்கு உள்ளவர்கள் கொடுத்து வைத்தவர்கள். மறைப்புக்குப் பின்னால் போய் ஓட்டைப் போட்டுவிட்டு, எதிரே வருகிற எல்லாரிடமும் உங்களுக்குத்தான் போட்டேன் என்று சிரித்துக்கொண்டே வீடு போய்ச் சேரலாம். அபுதாஹிர் ராவுத்தருக்கு வாய்த்த ஓட்டு அப்படிப்பட்டதல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் முனிசிபாலிட்டிக்கு மெம்பர் தேர்தல் என்றால் வரி கட்டுகிறவர்கள் மட்டும் சாவடிக்கு வரவேண்டும். மேஜைக்கு அந்தப் பக்கம் அதிகாரி. அவருக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி, இரண்டிலும் போட்டி போடுகிறவர்கள். அவர்கள் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து ஒரு பேரைச் சொல்லியாக வேண்டும்.

தெற்கு ரத வீதியில் தையற்கடை வைத்திருந்த அபுதாஹிருக்கு அந்த வருஷம்தான் முதல்முதலாக ஓட்டு வந்தது. கைமிஷின் வாங்கிக் கடையைக் கொஞ்சம் பெரிதாக்கினார். உடனே வரி ஏறியது, வரியோடு ஓட்டும் வந்து சேர்ந்தது. முதலில் பெருமையாகத்தான் இருந்தது. யார் யார் நிற்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருவர் ஜவுளி வியாபாரி சமுத்திரம். அபுதாஹிரின் கடை இருந்தது அவருடைய கட்டடத்தில். வாரச்சந்தையைத் தன் கட்டடங்களுக்கு முன்னால் கொண்டுவரத்தான் மனிதர் மெம்பராகப் பார்க்கிறார் என்று ஊரில் பேச்சு. மற்றவர் வண்டிப்பேட்டை வைத்திருந்த உக்கிரபாண்டி; அவரும் அபுதாஹிரும் மாமா, மாப்பிள்ளை என்று முறை வைத்துக் கூப்பிட்டுக்கொள்கிறவர்கள். குடிதண்ணீர்க் குளத்தில் மாடு இறங்கக் கூடாது, சுற்றி வேலி போட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

அந்தக் குளத்துத் தண்ணீர்தான் அபுதாஹிரின் மூத்த மகனைக் கொண்டுபோனது. பேதி பரவிய அந்தக் கோடையில் சொந்தக்காரர்களே கதவைச் சாத்திக்கொண்டார்கள். மையவாடியில் குழி வெட்டக்கூட ஆள் வரவில்லை. உக்கிரபாண்டிதான் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். வெட்டி முடித்துவிட்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேச்செடுத்ததில்லை.

இப்போது இருப்பது மகள் அசீனா மட்டும். அவளைக் கான்சாபுரத்தில் பேசி முடித்திருந்தார்கள். ரத வீதியில் கடை வைத்திருக்கிறவர் வீட்டுப் பெண் என்றுதான் மாப்பிள்ளை வீட்டார் சம்மதித்தார்கள். கடை போனால் கல்யாணமும் போகும் என்று அபுதாஹிருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் வேடிக்கை, ஜெயித்தால் முனிசிபல் சபைக்குப் போட்டுக்கொண்டு போவதற்கு இருவருமே அவரிடம் கோட்டுக்குத் துணி கொடுத்திருந்தார்கள். தோற்கப் போகிற ஒருவருக்கும் சேர்த்து அளவெடுத்து வைத்திருந்தார் மனிதர். எதில் முதலில் கத்தரியை வைப்பது என்று தெரியாமல் இரண்டு துணிகளையும் மாற்றி மாற்றி விரித்து மடித்தார்.

சமுத்திரம் கோட்டைப் போட்டுப் பார்க்க வந்தார். தோளில் குண்டூசி குத்திக்கொண்டிருந்த அபுதாஹிரிடம் சிரித்த முகமாகவே சொன்னார்.

"ராவுத்தரே, நீரு நம்ம எடத்துல இருக்கிற ஆளு. அன்னைக்கு உம்ம வாயில எந்தப் பேரு வருதுன்னு நான் பக்கத்துலயே உக்காந்து கேப்பேன்."

உக்கிரபாண்டி ஓட்டுக் கேட்டு வரவே இல்லை. வழக்கம்போல் வண்டியோடு கடை வழியாகப் போவார், கல்யாண வேலையெல்லாம் எம்மட்டில் இருக்கிறது என்று விசாரிப்பார், போய்விடுவார். அதுதான் அபுதாஹிரைப் பாடாய்ப்படுத்தியது. அவரும் வந்து மிரட்டியிருந்தால் மனசு லேசாகியிருக்கும்.

காய்ச்சல் என்று தளவாய்புரத்துத் தங்கை வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ளலாமா என்று மனைவி நூர்பானுவிடம் கேட்டார். படுத்தால் சமுத்திரம் வண்டி அனுப்பித் தூக்கி வரச் சொல்வார் என்றாள் அவள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

"செத்த புள்ளைய நெனைச்சா அந்தப் பேரு. இருக்கிற புள்ளைய நெனைச்சா இந்தப் பேரு. நான் என்னத்தச் சொல்ல?"

தேர்தல் அன்று காலையில் அபுதாஹிர் முடிவு செய்துவிட்டார். இருக்கிற பிள்ளைதான். வழியெல்லாம் சமுத்திரம், சமுத்திரம் என்று உதட்டுக்குள் உருப்போட்டுக்கொண்டே நடந்தார். சாவடி வாசலில் அவரைக் கூப்பிட்டார்கள். உள்ளே காலை வைத்ததும் உக்கிரபாண்டி எழுந்துவிட்டார். நாக்கு வறளுகிறது, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டு, அபுதாஹிரை ஏறிட்டும் பாராமல் வெளியே போனார்.

அதிகாரி யாருக்கு என்று கேட்டார். அபுதாஹிர் காலி நாற்காலியைப் பார்த்தார். அதன் காலடியில் உக்கிரபாண்டியின் தண்ணீர்ச் செம்பு நிறையத் தண்ணீரோடு இருந்தது.

அதைப் பார்த்த பிறகு அவருக்கு உருப்போட்ட பேர் வரவில்லை. அதிகாரி மறுபடியும் கேட்டார்.

"உக்கிரபாண்டி" என்றார் அபுதாஹிர்.

சமுத்திரம் வெற்றிலை மெல்வதை நிறுத்தினார்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்ற உக்கிரபாண்டி அவர் தோளில் கை போட்டார். "வெசனப்படாத மாப்ளே. மக கல்யாணம் நல்லபடியா நடக்கணும். நான் ஒண்ணும் நெனைக்கல" என்றார். அபுதாஹிர் தான் சொன்ன பேரை அவரிடம் சொல்லவில்லை. நேரே பள்ளிவாசலுக்குப் போய் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். தொழுதாரா என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கடைக்குப் போகப் பயமாக இருந்தது, வீட்டுக்குப் போக அதைவிடப் பயமாக இருந்தது.

பொழுது சாயும்போது வேறு வழியில்லாமல் ரத வீதிக்கு வந்தார். கடைக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. மிஷின் தெருப் புழுதியில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நூர்பானு உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் தைத்து முடிக்காத ஒரு கோட்டு. சமுத்திரத்தின் ஆட்கள் தங்கள் முதலாளி கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அவள் சற்று நகர்ந்து இடம் விட்டாள். அபுதாஹிரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அந்த வழியாகத்தான் உக்கிரபாண்டி தோற்றுப்போய்த் தன் வண்டியில் வந்தார். இவர்களைக் கண்டதும் இறங்கினார். பூட்டைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார். விஷயம் புரிய அவருக்குச் சற்று நேரம் ஆனது.

"ஏலே, என் பேரையா சொன்ன?"

அபுதாஹிர் தலையை ஆட்டினார்.

"கிறுக்குப் பயலே. நீ அந்தப் பேரைச் சொல்லணும்னுதானலே நான் எந்திரிச்சுப் போனேன்."

சாவடியில் தோற்ற சேதியைக் கேட்டபோது சிரித்த மனிதர் இப்போது நடுத்தெருவில் நின்று துண்டால் கண்ணைத் துடைத்தார். பிறகு மிஷினைத் தானே தூக்கி வண்டியில் வைத்தார். பேட்டை முகப்பில் இருந்து தைத்துக்கொள்ளலாம் என்றார். கான்சாபுரத்துக்கு நாளைக்கே தானும் வருவதாகவும், கடை போன கதையைத் தன் வாயாலேயே சொல்லப்போவதாகவும் சொன்னார். அதைக் கேட்ட பிறகும் மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ என்று அபுதாஹிருக்குக் கவலை தீரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் நூர்பானுவின் மடியில் இருந்த கோட்டை எடுத்து நீட்டினார்.

"இத என்ன செய்யட்டும் மாமா?"

"தைச்சு முடி. அசீனா கல்யாணத்துக்குப் போட்டுக்கிடுதேன்."

அப்படியே போட்டுக்கொண்டு வந்தார்.