நட்ட முடியும் நேர்ந்த மொட்டையும்

அம்புரோஸ் மச்சாதுவின் தலையைப் பற்றித் தூத்துக்குடியில் பலவிதமாகச் சொல்கிறார்கள். நங்கூரச் சங்கிலி விழுந்தும் பிழைத்த மண்டை என்பார்கள் சிலர். வெளிநாட்டில் ஏதோ நோய் பிடித்துவிட்டது என்பார்கள் வேறு சிலர். இரண்டுமே தவறு. நான் அவனுக்கு எதிர்வீட்டுக்காரன். உவரி அந்தோனியார் கோவிலுக்குப் போன வேனிலும் இருந்தேன். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

அவன் பிறந்தது 1945-இல். தகப்பனார் கொழும்புக்குச் சரக்கேற்றிப் போகும் தோணியில் தண்டல், அதாவது அந்தத் தோணிக்குத் தலைவர். அம்புரோஸ் பள்ளியில் படிக்கும்போதே அவர் இறந்துவிட்டார். தாய் விக்டோரியா கருவாடு வாங்கி விற்று மகனை வளர்த்தாள். 1967-இல் அவன் ஒரு வெளிநாட்டுச் சரக்குக் கப்பலில், எஞ்சின் அறையில் எண்ணெய் போடும் வேலைக்குச் சேர்ந்தான். அந்த வருடமே முடி கொட்டவும் தொடங்கியது. எஞ்சின் சூட்டினால்தான் கொட்டியது என்பான். அவனுடைய தகப்பனாரின் தலையைப் பார்த்தவர்கள் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

1972-இல் விடுமுறைக்கு வந்தபோது ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனார்கள். பெண்ணின் அத்தை காபியை நீட்டிக்கொண்டே, "மாப்பிள்ளைக்குத் தம்பி யாரும் உண்டுமா?" என்று கேட்டாள். தம்பி இல்லை. சம்பந்தமும் இல்லையென்று ஆகிவிட்டது. அந்த ஒரு கேள்வி அவனைக் கப்பல் வரைக்கும் துரத்திக்கொண்டு போனது.

அடுத்த வருடம் கப்பல் பழுது பார்ப்பதற்காக நியூயார்க்கில் நின்றது. அம்புரோஸ் அங்கே ஒரு டாக்டரிடம் போய்த் தலையில் முடி நட்டுக்கொண்டான். தர்பூசணி விற்பவர் பழத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, சிவப்பைக் காட்டிவிட்டு மறுபடி செருகி வைப்பாரே, ஏறக்குறைய அதே வேலைதான். பிடரியில் முடி அடர்ந்த இடத்தில், வட்டமான குழாய்க் கத்தியால் தோலோடு துண்டு துண்டாக எடுத்தார் டாக்டர். முன்மண்டையில் ஓட்டை போட்டு, அந்தத் துண்டுகளை வரிசையாகச் செருகினார். புண் ஆறியது, முடியும் முளைத்தது. ஆனால் துண்டுகள் தேவைக்கு மேல் ஆழமாக இறங்கிவிட்டதால் ஒவ்வொரு கொத்தும் ஒரு குழிக்குள் நின்றது. சில துண்டுகள் பிழைக்கவில்லை. அங்கே குழி மட்டும் மிஞ்சியது. பிடரியில் எடுத்த இடமெல்லாம் வெள்ளைத் தழும்பு. தள்ளி நின்று பார்த்தால் முடி. கிட்ட வந்து பார்த்தால் நம்மூர் உப்பளம்: பாத்தியும் வரப்புமாக இருக்கும்.

அதைச் சரிசெய்ய அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. துறைமுகத்துக்குத் துறைமுகம் ஒரு களிம்பு வாங்கித் தடவினான். குழி அப்படியே இருந்தது, தலையணை உறைதான் மஞ்சளானது. சிங்கப்பூரில் ஒரு டாக்டர் மேல்தோலைத் தேய்த்துச் சமப்படுத்தலாம் என்றார். தலையில் ஒரு தச்சு வேலை நடந்தது போதும், இழைப்புளி வேறு வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டான். கடைசியில் பக்கவாட்டு முடியை நீளமாக வளர்த்து, வாசலின் போட்டு முன்மண்டையின் மேல் படியவைத்துக்கொண்டான். வெளியே போனால் கம்பளிக் குல்லாய். கோவிலுக்குள் குல்லாய் கூடாது. அதனால் கடைசித் தூணுக்குப் பின்னால் நிற்பான்.

1976 ஜனவரியில் ஊருக்கு வந்தபோது கிளாடிஸின் சம்பந்தம் வந்தது. கிளாடிஸ் தையல் டீச்சர். அவளுடைய தகப்பனார் ரோச், தோணி கட்டும் தச்சர். கடற்கரையில் ஓடாவி என்பார்கள். பெண் பார்க்கப் போன அன்று அம்புரோஸ் மின்விசிறியை நிறுத்தச் சொன்னான். குளிர் என்றான். பிறகு தன் கப்பல் சமையல்காரன் மீனைத் திட்டுவதைப் பேசிக் காட்டினான். கதவுக்குப் பின்னால் நின்ற கிளாடிஸ் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்ட மாத்திரத்தில் அவனுக்கு இவள்தான் வேண்டும் என்று ஆகிவிட்டது. தவக்காலம் தொடங்குவதற்கு முன்னால், பிப்ரவரி 18-இல் திருமணம் என்று முடிவாயிற்று. தவக்காலத்தில் திருமணம் கூடாது; அதை விட்டால் பாஸ்காவுக்கு, அதாவது ஈஸ்டருக்குப் பிறகுதான். அதற்குள் அவன் கப்பலுக்குத் திரும்ப வேண்டும்.

இந்த மகிழ்ச்சியில் அவன் தாயின் எண்ணெய்க் குளியலுக்குத் தப்பிக்க மறந்துவிட்டான். விக்டோரியா மறக்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலை மகனைப் பலகையில் அழுத்தி உட்காரவைத்து, உச்சியில் நல்லெண்ணெயை ஊற்றித் தேய்த்தாள். தேய்த்த கை நின்றது.

"ஏல, என்னல இது? குழி குழியா தட்டுது?"

முடி நட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. "கப்பல்ல ஒரு சங்கிலி தட்டிட்டும்மா. ஒண்ணுமில்ல" என்றான்.

"சங்கிலியா? இரும்புச் சங்கிலியா?"

"இரும்புதாம்மா. தங்கச் சங்கிலியா தட்டும்?"

அவள் எண்ணெய்க் கையோடு தெருவுக்கே வந்துவிட்டாள். "உவரி அந்தோனியாரே! எம் புள்ள தலைய காப்பாத்திட்டீரே! இந்தத் தலையில உள்ள முடியெல்லாம் உமக்குத்தான்! கலியாணத்துக்கு முன்னாடி கொண்டுவந்து மொட்ட போடுதேன்!" தெருவே கேட்டது. நானும் கேட்டேன்.

தன் பொய் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. தாயிடம் கெஞ்சினான். ஆள் உயர மெழுகுவர்த்தி வைப்போம் என்றான். வெள்ளியில் தலை செய்து காணிக்கை போடுவோம் என்றான்.

"வெள்ளித் தலைய அவருக்குக் குடுத்துட்டு முடித் தலைய நீ வச்சிக்கிடுவியோ? அந்தோனியாரு என்ன இளிச்சவாயரா?" என்றாள் விக்டோரியா.

இதற்குள் அவனுடைய சிநேகிதன் பர்னபாஸ் கதையைத் துறைமுகம் முழுவதும் கொண்டுபோய்விட்டான். அவன் வாயில் சாதாரணச் சங்கிலி நங்கூரச் சங்கிலியாயிற்று. அதற்கு எடையும் அவனே சொன்னான். ரோச் தன் வருங்கால மருமகனை 'இரும்பு மண்டை' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். கிளாடிஸின் தாய் பிளாரன்ஸ், மொட்டைக்குத் தாங்களும் வருவதாகவும் அசனத்துக்கு ஆடு தங்கள் செலவு என்றும் சொல்லியனுப்பினாள். அசனம் என்றால் நேர்ச்சைக்காக எல்லோருக்கும் போடும் சாப்பாடு. இனி எப்படிப் பின்வாங்குவது?

பிப்ரவரி 10, செவ்வாய்க்கிழமை. இரண்டு வீட்டாரும் ஒரே வேனில் உவரிக்குப் போனோம். வழியெல்லாம் பாட்டும் கைதட்டலும். ஆடு பின்னால் இருந்து கூடவே கத்தியது. அம்புரோஸ் ஒருவன்தான் குல்லாயைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு வாய் திறக்காமல் வந்தான்.

மொட்டை போடும் கொட்டகையில் அய்யாக்குட்டி என்பவர் அவனை உட்காரவைத்தார். தண்ணீர் தெளித்துத் தேய்த்தார். பக்கத்து முடி வழுக்கிக்கொண்டு விழுந்தது. முன்மண்டைக்கு வந்ததும் கத்தி நின்றது.

"ஏய்யா, உங்க தலையில யாரும் பல்லாங்குழி ஆடுனாங்களா? கத்தி குழிக்குள்ள இறங்க மாட்டேங்குதே!"

சுற்றி நின்றவர்கள் நெருங்கினார்கள். அய்யாக்குட்டி தோலை இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு குழியாக மழித்து முடித்தார். வெயில் அந்தத் தலையில் விழுந்தது. ஒளிக்க ஒன்றுமில்லை. நெற்றியிலிருந்து உச்சி வரைக்கும் குழிகள் அணிவகுத்து நின்றன.

ரோச் குனிந்து, ஒரு வரிசையின் மேல் விரலை ஓட்டினார். ஆணி அடித்த பலகையைத் தடவிப் பார்ப்பது போலத் தடவினார்.

"மாப்பிள்ள, சங்கிலி விழுந்தா நூல் பிடிச்ச மாதிரியா விழும்? இது ஆள் செஞ்ச வேலையில்லா?"

பிளாரன்ஸ் மகளின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். "இது ஏதோ சீக்கு. மறைச்சிருக்காங்க. எம் பிள்ளைய நான் குடுக்க மாட்டேன்" என்றாள்.

அம்புரோஸ் எழுந்து நின்றான். உடம்பெல்லாம் வெட்டுமயிர். இப்போதும் சொல்லாவிட்டால் கிளாடிஸ் இல்லை என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"சீக்கு இல்ல மாமி. சங்கிலியும் இல்ல. முடி நட்டேன்."

"என்னது?" என்றாள் விக்டோரியா.

"நியூயார்க்ல முடி நட்டேம்மா. பின்னால இருந்து எடுத்து முன்னால வச்சாங்க. சரியா வரல."

"முடிய நட்டியா? முடி என்ன கத்திரி நாத்தால, பிடுங்கி நடுததுக்கு?"

முதலில் சிரித்தது அய்யாக்குட்டி. பிறகு ரோச். அதற்கப்புறம் யார் யார் சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது. கொட்டகையே சிரித்தது. கிளாடிஸ் முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளும் சிரிப்பதைக் கண்டதும் அம்புரோஸ் விறுவிறுவென்று கடற்கரைப் பக்கம் நடந்தான்.

மொட்டைக்குப் பூச வேண்டிய சந்தனம் கிண்ணத்தில் அப்படியே இருந்தது. கிளாடிஸ் அதை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போனாள். துணைக்கு இருக்கட்டும் என்று பிளாரன்ஸ் என்னை அனுப்பினாள். அதனால் அவர்கள் பேசியது எனக்குக் கேட்டது.

"தலையக் குனிங்க. வெயில் சுடும்" என்றாள்.

அவன் குனிந்தான். அவள் சந்தனத்தைக் குழிகளுக்குள் விரலால் அழுத்திப் பூசினாள்.

"வலிக்குதா?"

"இல்ல. மரத்துப்போச்சு."

"எனக்குத்தான் வலிச்சுது. சங்கிலி விழுந்திச்சின்னு கேள்விப்பட்டு ரெண்டு நாளு சோறு இறங்கல எனக்கு. இனிமே நீங்க தலவலின்னு சொன்னா நான் தைலம் எடுக்கணுமா, சிரிக்கணுமா?"

அவன் கடலைப் பார்த்துக்கொண்டே, "கலியாணத்த பாஸ்காவுக்குப் பொறவு வச்சுக்கிடுவோமா? கொஞ்சம் முடி வளந்துரும்" என்றான்.

"பாஸ்காவுக்கு நீங்க எந்தக் கடல்ல இருப்பீங்களோ! குறிச்ச நாள்ல வாங்க. இதே தலையோட வாங்க. ஆனா ஒண்ணு. அந்தச் சங்கிலி பொய்யின்னு பந்தியில எல்லாருக்கும் முன்னாடி நீங்களே சொல்லணும். யாரும் உங்களுக்காகச் சொல்லக் கூடாது."

கொஞ்சம் தள்ளிப்போய்த் திரும்பிப் பார்த்து, "ஏழெட்டுப் பித்தான் வாங்கிட்டு வாரேன். காஜா எல்லாம் ரெடியாத்தான் இருக்கு" என்றாள். அப்போதுதான் அவன் முகத்தில் சிரிப்பு வந்தது.

பந்தியில் கறிக்குழம்பு ஊற்றும் நேரத்தில் அம்புரோஸ் சந்தனத் தலையோடு எழுந்து நின்று, எல்லாவற்றையும் சொன்னான். தம்பி உண்டா என்று கேட்ட அத்தையிலிருந்து ஆரம்பித்து, சங்கிலிப் பொய் வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. பிளாரன்ஸ் அவனைக் கிட்டக் கூப்பிட்டு, தலையைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவன் இலையில் இன்னும் இரண்டு துண்டு கறி வைத்தாள். சம்மதம் என்று அதற்குப் பொருள்.

பர்னபாஸ் மட்டும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். "ஏல பாவி, ஹார்பர் பூரா சொல்லிட்டனல! எட வேற சொன்னேன். இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நாளைக்கு வேலைக்குப் போவேன்?"

"நங்கூரச் சங்கிலின்னு நான் சொல்லலையே. அது நீ ஏத்துன சரக்கு. நீயே இறக்கு" என்றான் அம்புரோஸ்.

ரோச் விக்டோரியாவைச் சீண்டினார். "சம்பந்தி, சங்கிலியே விழலன்னா இந்த மொட்ட எதுக்கு? அந்தோனியாருகிட்ட முடியத் திருப்பிக் கேட்டிருவமா?"

விக்டோரியா அகப்பையோடு திரும்பினாள். "விழுந்த சங்கிலியில இருந்து காப்பாத்துனா அது சின்னப் புதும. சங்கிலியே விழாம காப்பாத்தியிருக்காரே, அது எவ்வளவு பெரிய புதும! சோத்தத் தின்னுங்க" என்றாள். புதுமை என்று எங்கள் பக்கத்தில் அற்புதத்தைச் சொல்வார்கள். அவள் சொன்னதற்கு எதிராக எந்தச் சாமியாரும் பேசியிருக்க முடியாது.

திருமணம் குறித்த நாளில் நடந்தது. அதற்குள் நட்ட முடி கொத்துக் கொத்தாக எழும்பியிருந்ததால் காலையில் மறுபடி மழித்துக்கொண்டான். குல்லாயில்லாமல் கோவிலின் நடுவழியாகப் பீடம் வரைக்கும் நடந்தான். பிள்ளைகள் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். அவன் அவர்களைப் பார்த்துக் கண்ணடித்தான்.

பூசை முடிந்து எல்லோரும் ஜேசுபாதத்தின் ஸ்டூடியோவுக்குப் போனோம். ஜேசுபாதம் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். வெளியே வந்தார்.

"மாப்பிள்ள, ஒண்ணும் கவலப்படாதீங்க. நெகட்டிவ்ல பென்சில் வச்சுக் குழியெல்லாம் அடைச்சிருவேன். வேணும்னா முடியே வரைஞ்சு தாரேன். சுருட்டையா, நெளியா?"

கிளாடிஸ் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். முன்னால் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்புரோஸ் சுருட்டை என்று சொல்ல வாயெடுத்தான் என்பான் பர்னபாஸ். நான் பார்த்தவரை அவன் தலையை ஒருமுறை தடவிக்கொண்டான், அவ்வளவுதான்.

"வேண்டாம் அண்ணாச்சி. ஒருத்தர் நட்டது போதும். உள்ளபடி எடுங்க."

"லைட்டு பட்டு மண்ட மின்னுமே!"

"மின்னட்டும். கரைக்கு வாரவனுக்கு வெளக்கு தெரியாண்டாமா?"

கிளாடிஸ் வாய்விட்டுச் சிரித்தாள். ஜேசுபாதத்தின் கை அதே நேரத்தில் கேமராவின் ரப்பர் பல்பை அமுக்கிவிட்டது. மணப்பெண் பல் தெரியச் சிரித்தால் படம் நன்றாயிராது, இன்னொன்று எடுப்போம் என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். இருவரும் கேட்கவில்லை. முக்காடு நழுவ அவள் சிரிப்பதும், அருகில் அவன் தலை வரிசை வரிசையாக மின்னுவதுமான அந்தப் படத்தைத்தான் சட்டம் போட்டு வாசலுக்கு நேராக மாட்டியிருக்கிறார்கள்.