நீலக் கூழைக்கடா

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, இன்று மாலை கடலை ஒட்டிய எங்கள் உப்பு ஏரிக்கரையில் செருப்பில்லாமல் நடப்பதென்று முடிவெடுத்தேன். வீட்டாருக்கு முறைப்படி தெரிவித்துவிட்டுக் கிளம்பினேன்.

கரையில் இரண்டு மழைக்காலமாக நிற்கும் இரும்புக் கூழைக்கடா சிற்பம், இன்று நீலமாக நின்றது.

அதைச் செய்த சிற்பி சென்னையிலிருந்து அப்போதுதான் காரில் வந்து இறங்கியிருந்தார். எதிரே பிரஷ்ஷும் கையுமாகப் படகுக்காரர் தேசப்பன்.

"இன்னா மேடம், இப்டி துருப்புடிக்க வுட்டுட்டீங்க? போட்டுக்கு அடிச்ச பெயிண்டு மிச்சம் இருந்துச்சு, அடிச்சுட்டேன்."

"அண்ணே, துருப்பிடிக்கணும்னுதான் இங்க வெச்சேன். உப்புக்காத்து அதுமேல நிறம் நிறமா வரையறதைப் பாக்கத்தான் மாசாமாசம் வரேன்."

தேசப்பன் யோசித்தார். "துருவைப் பாக்கவா? சொல்லியிருந்தா எங்க நங்கூரத்தைக் காட்டிருப்பேனே. சரி, சொரண்டிடட்டுமா?"

"சுரண்டினா துருவும் போயிடும்ணே."

வெயில் இறங்கியது. ஏரியும் வானமும் ஒரே நீலமாகிவிட, பறவையின் உடல் அதில் மெல்லக் கரைந்து காணாமல் போனது. தேசப்பனின் கைக்கு எட்டாத அலகு மட்டும் செந்துருவாகத் தண்ணீருக்கு மேலே தனியாக மிதந்தது. மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். சிற்பி மூச்சுவிட்டதாகவே தெரியவில்லை.

"கவலப்படாதீங்க மேடம்" என்றார் தேசப்பன். "காலைல சார் வூட்டு ஏணிய வாங்கி, மூக்கையும் முடிச்சுடறேன்."

சிற்பி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

எங்கள் வீட்டு ஏணி இப்போது அவர் கார் கூரைமேல் சென்னைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.