கப்பல் ஏறியவனின் காம்பரா

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறிப் போகிற ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்தில் இருந்தது. லயத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நீளமாக ஒரே கூரை, அதன் கீழே வரிசையாக அறைகள், குடும்பத்துக்கு ஒன்று. அந்த அறையைக் காம்பரா என்போம். அதற்கு முன்னால் ஒரு ஆள் காலை மடக்கிப் படுக்கிற அளவுக்குச் சின்ன முன்கட்டு, அது இஸ்தோப்பு. காம்பராவுக்குள்தான் அடுப்பு, படுக்கை, சாமி படம், விறகு எல்லாம். அப்பா இறந்து சில வருஷங்களாகியிருந்தன. அம்மா கொழுந்து பறித்தாள். நான் ஒரே பிள்ளை.

அந்த வருஷம் மார்கழி விடுமுறையில் எங்கள் வகுப்பை மொகஞ்சதாரோவுக்கு அழைத்துப் போக விரிவுரையாளர் ஏற்பாடு செய்தார். கொழும்பிலிருந்து கராச்சிக்குக் கப்பல், அங்கிருந்து ரயில். செலவு பல்கலைக்கழகத்துடையது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா உயிரோடிருந்தபோது பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டு, அவர் போன பிறகு அது எங்களுக்குக் கிடைத்திருந்தது. அதனால் பாஸ்போர்ட் வாங்க முடிந்தது. எங்கள் லயத்தில் பாதிப் பேருக்கு எந்த நாடும் கிடையாது.

நான் வெளிநாடு போகிறேன் என்ற செய்தி லயத்தில் பரவியதும் துக்க வீடு மாதிரி ஆட்கள் வந்துவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த வருஷங்களில் ஒவ்வொரு குடும்பமாக இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. தகரப்பெட்டியோடு ஸ்டேஷனுக்கு இறங்கினால் லயமே அழுதுகொண்டு பின்னால் போகும். அடுத்த வாரம் அந்தக் காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடித்து வேறு ஆட்களைக் குடிவைப்பார்கள். கப்பல் ஏறிய எவரும் திரும்பி வந்து நாங்கள் பார்த்ததே இல்லை. ஒருவன் படிப்புக்காகக் கப்பலில் போவான், ஒரு மாதத்தில் திரும்பியும் வருவான் என்பது எங்கள் ஆட்கள் கேள்விப்படாத சங்கதி.

பக்கத்துக் காம்பரா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "பாழடைஞ்ச ஊரப் பாக்கவா கப்பலு? நம்ம தேயில ஸ்டோருக்குக் கீழ கெடக்குற பழைய லயத்தப் பாத்தா ஆவாதா?" என்று மூக்கைச் சிந்தினாள். எல்லோரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்தாள். ஆனால் அவள் கண் சிரிக்கவில்லை. ஸ்டேஷனில் ரயில் நகர்ந்தபோது, "தை பொறக்குறதுக்குள்ள வந்துருவியா ராசா?" என்றாள். பொங்கல் கழித்துத்தான் வருவேன் என்று பல தடவை சொல்லியாகிவிட்டது. மறுபடியும் சொன்னேன்.

கப்பலில் பட்ட பாட்டை எழுதினால் அது வேறு கதை. மொகஞ்சதாரோவுக்கு மட்டும் வருகிறேன். ரயிலை விட்டு இறங்கி, குதிரை வண்டியில் புழுதி குடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். மலையும் மழையும் பச்சையும் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த வெட்டவெளி ஒரு மாதிரி பயமாக இருந்தது. எங்கே பார்த்தாலும் மண், புதர், செங்கல். செங்கல்லில் உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடந்தது. நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய தெருக்களில் நடந்தோம். பெரிய குளம், தானியக் களஞ்சியம், மூடிபோட்ட சாக்கடை என்று ஒவ்வொன்றாக விரிவுரையாளர் காட்டிக்கொண்டு வந்தார்.

கடைசியில் ஓர் இடத்தில் நின்றார். ஒரே அளவில், வரிசையாக, சின்னச் சின்ன வீடுகள். முன்னால் ஒரு துண்டு அறை, பின்னால் கொஞ்சம் பெரிய அறை, அடுத்த வீட்டுக்கும் இதற்கும் நடுவில் ஒற்றைச் சுவர். தொழிலாளர்கள் இருந்த இடமாக இருக்கலாம் என்றார். தோண்டிய வெள்ளைக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் 'கூலி லயன்' என்றும் சொன்னார். அவர் மனதில் ஒன்றுமில்லை, புத்தகத்தில் இருந்ததைச் சொன்னார். ஆனால் எங்கள் குழு முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது.

யாழ்ப்பாணத்து நண்பன் ஒருவன் என் தோளில் கைபோட்டு, "என்ன மச்சான், உங்கட வீட்டுக்கெல்லோ வந்திருக்கிறம். தேத்தண்ணி தரமாட்டியோ?" என்றான். நல்லவன்தான், எனக்குச் சோறு பங்கு வைத்தவன். நானும் சிரித்தேன். மற்றவர்கள் நகர்ந்த பிறகு அந்த வரிசையில் ஒரு வீட்டுக்குள் போய் நின்றேன். கூரை இல்லை. சுவர் இடுப்பளவு. அம்மா எந்த மூலையில் அடுப்பு வைத்திருப்பாள், எங்கே பாயை விரித்திருப்பாள் என்று என் கண் தானாகத் தேடியது. இங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள், ஏன் போனார்கள் என்று யாருக்கும் தெரியாது என்று விரிவுரையாளர் வெளியே சொல்லிக்கொண்டிருந்தார். யாராவது இவர்களை வெளியே போகச் சொல்லியிருப்பார்களோ என்று எனக்குத் தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று தெரியவில்லை.

தை பிறந்து இரண்டு வாரம் கழித்து வட்டகொடையில் இறங்கினேன். மலையெங்கும் பனி. கையில் அம்மாவுக்கென்று கராச்சியில் வாங்கிய பேரீச்சம்பழம். குளிரில் பல் கிட்டிக்கொண்டு லயத்துக்கு ஏறினேன். எங்கள் இஸ்தோப்பைச் சாக்குக் கட்டி மறைத்திருந்தார்கள். அதற்குள் அம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். ஏன் இந்தக் குளிரில் வெளியே இருக்கிறாய் என்று நான் கேட்கும் முன்பே காம்பராவின் கதவு திறந்தது. மார்போடு குழந்தையை அணைத்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"வாங்கண்ணே. ஏன் வெளிய நிக்கிறீங்க? உள்ள வாங்க, தேத்தண்ணி ஊத்துறேன்" என்றாள்.

நான் பிறந்த காம்பராவுக்குள் என்னை விருந்தாளியாகக் கூப்பிடுகிறாள் ஒருத்தி. உள்ளே எங்கள் அடுப்பில் அவர்களுடைய பானை. அடுப்புக்கு மேலே சுவரில் அவர்கள் இட்ட பொங்கல் மஞ்சள் இன்னும் ஈரம் மாறாத மாதிரி இருந்தது. சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு.

நடந்தது இதுதான். நான் போன கொஞ்ச நாளில் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. பக்கத்து அக்கா அவளை டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்தாள். காம்பரா பூட்டிக் கிடந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மகன் கப்பல் ஏறிவிட்டான், தாயும் பின்னாலேயே போய்விட்டாள் என்று மேல்மலை கீழ்மலை எல்லாம் பேச்சு. ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று அக்கா சொன்னதை யாரும் நம்பவில்லை. பெரட்டுக் களத்தில் காலையில் பெயர் கூப்பிடும்போது அம்மா இல்லை. கணக்கப்பிள்ளை பெயரை வெட்டினார். இந்த இளம் தம்பதி அதுவரை ஒரே காம்பராவில் மாமனார் மாமியார், கொழுந்தன்மார் என்று பெரிய கூட்டத்தோடு நசுங்கிக் கிடந்தவர்கள். பெண் நிறைமாசம். பூட்டை உடைத்து, சுண்ணாம்பு அடித்து, அவர்களைக் குடிவைத்துவிட்டார்கள். நாலாயிரம் வருஷமாக ஆளில்லாமல் கிடந்த வீடுகளை நான் பார்த்துக்கொண்டு நின்ற நாளில் எங்கள் வீடு ஒரு பத்து நாள்கூடச் சும்மா கிடக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அம்மா தன் கதவைத் தட்டியிருக்கிறாள். பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு அந்தப் பெண் திறந்திருக்கிறாள். இரண்டு பேரும் அழுதார்களாம். அன்றிலிருந்து அம்மா இஸ்தோப்பில்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நேரே கணக்கப்பிள்ளையிடம் போனேன். அவர் என்னைப் பார்த்துப் பேயைப் பார்த்த மாதிரி விழித்தார். பிறகு சுதாரித்துக்கொண்டு, "நீ கப்பலேறிட்டேன்னாங்க. ஒங்கம்மாவும் பூட்டிட்டுப் போயிருச்சு. நான் என்னான்னு நெனைக்கிறது?" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் எரிச்சல். அம்மா பெயரைத் திரும்பப் போடுகிறேன், ஆனால் காம்பரா வேறு கிடையாது என்று கையை விரித்தார்.

மறுநாள் காலை தோட்டத்துத் துரையின் பங்களாவுக்கே போய்விட்டேன். லயத்துப் பையன் இங்கிலீஷில் பேசியதை அவர் ஒரு வேடிக்கை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். மொகஞ்சதாரோ பற்றிக்கூட இரண்டு கேள்வி கேட்டார். பிறகு, இன்று மாலைக்குள் உன் அம்மாவுக்குக் காம்பரா கிடைக்கும் என்று சொல்லி அனுப்பினார். ஜெயித்துவிட்டேன் என்று துள்ளிக்கொண்டு இறங்கினேன்.

நான் வருவதற்குள் உத்தரவு லயத்துக்கு வந்துவிட்டது. அந்தப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பானை சட்டிகளைச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தாள். புருஷன் படுக்கையைச் சுருட்டினான். இருவரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"தொரைகிட்ட ஜெயிச்சிட்டியாய்யா, சந்தோசம்" என்றாள். "இந்தப் புள்ள பச்ச ஒடம்போட எங்க போவும்னு கேட்டியா?"

கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

"இது ஒன் வீடும்மா" என்றேன்.

அம்மா சிரித்த சிரிப்பு எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. "எனக்கு மட்டும் ஆசையில்லையா? படுத்தா இந்தச் சொவத்துக்கு அந்தாண்ட எம் அடுப்பு எரியிற சத்தம் கேக்குது. பத்திக்கிட்டுத்தான் வருது. ஆனா நாளைக்கு நீ படிக்கப் போயிருவ. நான் இவங்க மொகத்துலதான் முழிக்கணும். முடியாம விழுந்தா தண்ணி குடுக்க இவங்கதான் வரணும். புரியுதா?" என்றாள். பிறகு பேரீச்சம்பழப் பொட்டலத்தைப் பிரித்து, பாதியை அந்தப் பெண்ணின் மடியில் போட்டாள். பிள்ளை பெற்ற உடம்புக்கு நல்லது என்றாள்.

அப்படித்தான் முடிந்தது. கணக்கப்பிள்ளையிடம் போய், அவர்களே இருக்கட்டும் என்று சொன்னது நான்தான். ஒருவரை வெளியே தள்ளாமல் இன்னொருவர் உள்ளே போக முடியாத மாதிரி ஒரு தோட்டத்தையே கட்டி வைத்திருந்தவர்கள் யாரும் அன்று குளிரில் படுக்கவில்லை. அம்மாதான் படுத்தாள். நான் இஸ்தோப்புக்கு இரட்டைச் சாக்குக் கட்டிவிட்டு, ஒரு தகரத்தையும் அடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினேன். படிப்பு முடிந்து வேலை கிடைத்ததும் ஹட்டனில் ஒரு வீடு பிடித்து அழைத்துப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். "போவோம், போவோம்" என்பாள். போகிறவள் சொல்கிற மாதிரி இருக்காது.

அடுத்த பனிக்காலத்தைச் சளி பிடித்த அந்த நெஞ்சு தாங்கவில்லை. தந்தி வந்து நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா இஸ்தோப்பில் இல்லை. அந்தப் பெண் தன் சாமான்களையெல்லாம் வெளியே வைத்துவிட்டு, அடுப்பை அணைத்து, தரையை மெழுகி, அம்மாவைக் காம்பராவின் நடுவில் கிடத்தியிருந்தாள். "பெரியம்மாவ வெளிய போட மனசு வரலண்ணே. இது அவுங்க வீடு" என்று என்னைக் கட்டிக்கொண்டு கதறினாள். அவளும் அவள் புருஷனும் குழந்தையும் அன்று முழுக்கப் பனியில் வாசலில் இருந்தார்கள். அம்மா தன் காம்பராவுக்குள் மறுபடி போனது அப்படித்தான்.

நான் பிறகு ஆசிரியரானேன், ஹட்டனில் வீடும் வாங்கினேன். என் பெயரில் வீட்டு உறுதிப் பத்திரம் இருக்கிறது, சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது. ஆனாலும் இது என் வீடு என்று சொல்ல வரும்போதெல்லாம் நாக்கு ஒரு கணம் தயங்குகிறது. அம்மாவும் என் வீடு, என் அடுப்பு என்று சொல்லிக்கொண்டுதான், நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்த அடுப்பை மெழுகிக்கொண்டிருந்தாள்.