முன்கட்டுச் சுவரில் ஓர் ஆணி

எங்கள் வீட்டு முன்கட்டுச் சுவரில், என் கண் மட்டத்தில், ஓர் ஆணி இருக்கிறது. அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குச் சுவர் மங்கிப்போய்ச் சொரசொரவென்று இருக்கும். மற்ற இடமெல்லாம் முகம் பார்க்கலாம், அந்த இடத்தில் மட்டும் ஒன்றும் தெரியாது. புதிதாகக் குடிவருகிறவர்கள் அதைப் பார்த்ததும், முன்னால் இருந்தவர்கள் செய்த வேலை என்று நினைத்து முகத்தைச் சுளிப்பார்கள். ஒவ்வொரு முறையும் நான் திருத்தியிருக்கிறேன். சுவரைக் கெடுத்தவளும் நான், ஆணியை அடித்தவளும் நான். எங்கள் வீட்டில் ஒன்பது வருஷம் குடியிருந்த டீச்சருக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

மதுரையில் தெற்கு வெளி வீதியை ஒட்டிய சந்தில் என் கணவர் அந்த வீட்டைக் கட்டியபோது எனக்கு இருபத்துமூன்று வயது. என் கழுத்து நகையில் பாதி அதற்குள் போயிருந்ததால், வீட்டில் பாதி எனக்குச் சொந்தம் என்று மனசுக்குள் ஓர் எண்ணம். முன்கட்டுக் கூடத்துச் சுவருக்குச் சுண்ணாம்பைக் கடுக்காய்த் தண்ணீரிலும் கருப்பட்டித் தண்ணீரிலும் ஊறப்போட்டு அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசினார்கள். கொத்தனார் கூழாங்கல்லை வைத்து நாள் கணக்கில் தேய்த்தார். வேலை முடிந்த அன்று அந்தச் சுவரில் என் மூக்குத்தி தெரிந்தது. நான் சாப்பிடக்கூடப் போகாமல் அங்கேயே நின்றேன். பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்து மறைத்துவிடுகிற சுவர் இல்லை அது. ஒரு முறை கெட்டால் கெட்டதுதான். ஆனால் என்ன பயன்? வீடு முடிந்த கையோடு குடும்பத்தில் பணத்துக்கு முடை வந்தது. அழகு பார்க்கக் கட்டிய முன்கட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, நானும் என் கணவரும் மாமியாரான அத்தையும் பின்கட்டில் புகைக்குள் ஒண்டிக்கொண்டோம். வேறு யாரோ அனுபவிக்கிற சுவருக்கு நான் காவல்காரி ஆனேன். வீடு கேட்டு வருகிறவர்களிடம் முதல் பேச்சே, "சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது, எதையும் ஒட்டக் கூடாது, சாஞ்சு உக்காரக் கூடாது" என்பதுதான். தலை எண்ணெய் பட்டால் கறையாகும் என்று எனக்குப் பயம்.

டீச்சர் அந்த நிபந்தனைகளை எல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வந்தவர். பக்கத்துத் தெருவில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வேலை. ஐந்து வயதில் ஒரு மகள். கணவர் கொட்டாம்பட்டியில் கம்பவுண்டர். சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் வந்து திங்கள்கிழமை விடியுமுன் போய்விடுவார். கிறிஸ்தவர்கள். வேதக்காரர்கள் என்று அத்தை முதலில் இழுத்தார். வேறு ஆள் வராததால் சம்மதித்தார். வந்த கொஞ்ச நாளிலேயே டீச்சர் என்னிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். இரண்டு வருஷத்தில் இது அவருக்கு மூன்றாவது வீடு. முதல் வீட்டில் கிறிஸ்மஸ் நட்சத்திரம் கட்ட அடித்த ஆணியால் காரை பெயர்ந்தது. இரண்டாவது வீட்டில் மெழுகுவர்த்திப் புகை பட்டுச் சுவர் கறுத்தது. இரண்டு இடத்திலும் பண்டிகை முடிந்ததும் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். "இன்னொரு தடவ வீடு மாத்துனா, வேலைய விட்டுட்டுக் கொட்டாம்பட்டிக்கே வந்துருன்னு வீட்டுக்காரவுக சொல்லிட்டாக அக்கா. எனக்கு வேலைய விட மனசில்ல" என்றார். அதைச் சொல்லும்போது அவர் சேலை முந்தானையைச் சுற்றிச் சுற்றி விரலில் முறுக்கிக்கொண்டிருந்தார்.

வெளியே போகும்போது முன்கட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவது அவர் வழக்கம். பள்ளிக்கூடம் விட்டு மகள் முன்னால் வந்தால் நான் திறந்து விட வேண்டும். நான் கேட்டு வாங்கிய சாவி இல்லை அது, அவராகக் கொடுத்தது.

மார்கழி பிறந்தது. ஒரு நாள் டீச்சர் மூங்கில் சிம்பும் வண்ணத்தாளும் வாங்கி வந்ததைப் பார்த்ததும் வாசலிலேயே வழி மறித்தேன். "நட்சத்திரம் கட்டப் போறீகளா? ஆணி இல்லாம எப்படி, அந்தரத்துலயா?" என்று கேட்டேன். கேட்ட விதம் நல்லதாக இல்லை என்று எனக்கே தெரிந்தது. அவர் சிரித்துக்கொண்டு, "பாருங்களேன்" என்றார்.

பார்த்தேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தக் கைவேலை கண் முன் நிற்கிறது. ஒரு ஜன்னல் கம்பியிலிருந்து எதிர் ஜன்னல் கம்பிக்குத் தென்னங்கயிறு கட்டி, தாள் சங்கிலிகளை அதில் தொங்கவிட்டார். கம்பி தேயாமல் கயிற்றுக்கு அடியில் பழைய துணியைச் சுற்றினார். பசை தாளுக்கும் தாளுக்கும்தான், சுவருக்கு ஒரு சொட்டுக்கூட இல்லை. மேலே உத்தரத்தில் கட்ட வேண்டியதற்கு, நூல் உருண்டையை மகளைவிட்டு எறியச் சொல்லி உத்தரத்தைத் தாண்டி விழவைத்து, இரண்டு முனையையும் முடிந்துகொண்டார். சவுக்குக் கிளையை மண்ணெண்ணெய்த் தகரத்தில் மணல் நிரப்பி நட்டு, செந்தரை கீறாமல் தகரத்துக்குக் கீழே சாக்கை மடித்துப் போட்டார். மெழுகுவர்த்திகள் கூடத்தின் நடுவில், தண்ணீர் ஊற்றிய பித்தளைத் தாம்பாளத்தில். நட்சத்திரத்துக்கு வாசலில் ஒரு மூங்கில் கழி. அதையும் மணல் பானையில்தான் நட்டார். அத்தை கோலம் போடுகிற இடத்தை விட்டு நாலடி தள்ளி நட்டதால், விடியற்காலையில் நட்சத்திரத்துக்குள் எரிந்த விளக்கு வெளிச்சத்திலேயே அத்தை புள்ளி வைத்தார். "வெளக்குத் தேவையில்ல போலயே" என்று அவர் முணுமுணுத்ததை நான் கேட்டேன். எனக்குத்தான் ஆறவில்லை. குறை ஒன்று கண்டுபிடிக்காமல் தூக்கம் வராது என்கிற நிலைக்கு வந்திருந்தேன்.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் காலையில் டீச்சர் சாவியைக் கொடுத்துவிட்டு மகளோடு கடைக்குப் போனார். முந்தின இரவு மழை. சாரல் உள்ளே அடித்திருக்குமோ என்று நானே எனக்கு ஒரு காரணம் சொல்லிக்கொண்டு முன்கட்டைத் திறந்தேன். ஜன்னல் ஓரத்துத் தாள் சங்கிலி ஒன்று சாரலில் நனைந்து தொய்ந்து சுவரைத் தொட்டிருந்தது. அந்த இடத்தில் ரூபாய்க் காசளவு இளஞ்சிவப்பு. ஈரத்துணியால் ஒற்றியிருந்தால் போயிருக்கும். அதற்குள் எனக்குப் பொறுமை ஏது? விடுவிடுவென்று பின்கட்டுக்குப் போய், பாத்திரம் விளக்க வைத்திருந்த புளியை ஒரு கை அள்ளி வந்து தேய்த்தேன். குத்துவிளக்கு, செம்பு, தாம்பாளம் எல்லாம் புளிக்குப் பளிச்சென்று ஆகிறதே, சுவரும் ஆகும் என்று நம்பினேன். சுண்ணாம்புக்குப் புளி ஆகாது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. தண்ணீர் விட்டுக் கழுவியதும் சிவப்பு போயிருந்தது, கூடவே பளபளப்பும் போயிருந்தது. உள்ளங்கை அகலத்துக்குச் சுவர் உப்புத்தாள் மாதிரி ஆகிவிட்டது. நனைந்த சங்கிலியைச் சுவரிலிருந்து விலக்கிவிட்டு, சவுக்குத் தகரத்தைச் சாக்கோடு இழுத்து, கிளையால் அந்த இடத்தை மறைத்தேன். கதவைப் பூட்டினேன். டீச்சர் வந்ததும் ஒன்றும் நடக்காதவள் போலச் சாவியை நீட்டினேன்.

மறுநாள் கோயிலுக்குப் போய் வந்ததும் டீச்சரும் கம்பவுண்டரும் எங்களை அழைத்தார்கள். அத்தை அவர்கள் அடுப்பில் வெந்ததைத் தொடமாட்டார் என்று தெரிந்து, அவருக்கென்று தனித் தட்டில் வாழைப்பழமும் வெற்றிலையும் வைத்திருந்தார் டீச்சர். எனக்கு அதிரசமும் அச்சு முறுக்கும். அத்தை சவுக்குக் கிளை பக்கம் போய் நின்றபோது, சேலையில் ஊசியிலை சிக்கக் கூடாதென்று கம்பவுண்டர் தகரத்தை நகர்த்தினார். சுவர் வெளியே வந்தது. அத்தை கிட்டப் போய்ப் பார்த்தார், விரலால் தடவினார்.

"என்னம்மா இது? இம்புட்டுச் சொல்லியும் சுவத்தக் கெடுத்துப்புட்டீகளே" என்றார்.

டீச்சர் சுவரைப் பார்த்தார். பிறகு கீழே, தகரம் இருந்த தரையைப் பார்த்தார். ஒரு வினாடி என்னைப் பார்த்தார். நான் வாயில் அதிரசத்தோடு நின்றேன். "தாள்ல சாயம் விட்டுருக்கும்மா. எங்க தப்புத்தான்" என்றார். கம்பவுண்டர் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. "மார்கழியில யாரையும் வெளிய போகச் சொல்றது முறையில்ல. தை பொறந்ததும் வேற எடம் பாத்துக்கங்க" என்று அத்தை சொல்லிவிட்டு, தட்டில் இருந்த வெற்றிலையை எடுக்காமல் வந்துவிட்டார். நானும் பின்னாலேயே வந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான காரியம் எது என்று யாராவது கேட்டால், அன்று அப்படிப் பின்னாலேயே வந்ததைத்தான் சொல்வேன்.

பள்ளிக்கூடம் லீவு. மறுநாளிலிருந்து டீச்சர் வீடு தேடிப் போனார். மார்கழியில் யார் வீடு கொடுப்பார்கள்? தையில் வாருங்கள் என்றே எல்லா இடத்திலும் சொன்னார்களாம். ஒவ்வொரு நாளும் புறப்படும்போது சாவியை என்னிடம்தான் கொடுத்தார். முதல் நாள் வாங்கிக்கொண்டேன். இரண்டாம் நாளும் வாங்கிக்கொண்டேன். மூன்றாம் நாள் அவர் நீட்டியபோது என் கை வரவில்லை. அவர் கையைப் பிடித்து, சாவியோடு இழுத்துக்கொண்டு அத்தையிடம் போனேன். "சுவத்தக் கெடுத்தது நான்தான் அத்த. இவுக இல்லாதப்ப உள்ள போயிப் புளியப் போட்டுத் தேச்சேன்" என்றேன்.

அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைத்தார். "புளியா? சுவரு என்ன குத்துவெளக்காடி?" என்றவர், டீச்சர் பக்கம் திரும்பி, "ஏம்மா, ஒனக்குத் தெரியாதா இது?" என்று கேட்டார்.

"தெரியும்மா. தகரத்துக்குப் பின்னால புளி நாரு கெடந்துச்சு."

"பெறகு ஏன் வாயத் தெறக்கல?"

"குடியிருக்கவ சொன்னா எடுபடுமாம்மா?" என்றார் டீச்சர். கோபமாகச் சொல்லவில்லை. கடையில் விலை கேட்டால் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

அத்தை முறத்தைத் திரும்ப எடுத்தார். பிறகு, "நீ எங்கயும் போக வேணாம். இருக்குற வரைக்கும் இரு" என்று சொல்லிவிட்டு அரிசியைப் புடைக்க ஆரம்பித்தார். அன்று மத்தியானம் அத்தை கொடுத்தனுப்பிய வெண்பொங்கலை டீச்சரிடம் கொண்டுபோனவள், கூடவே சுத்தியலையும் ஓர் ஆணியையும் எடுத்துப் போனேன். கெட்டுப்போன இடத்தின் நடுவில் நானே அடித்தேன். காரை கொஞ்சம் உதிர்ந்தது. "இனிமே நட்சத்திரத்த இதுல மாட்டுங்க டீச்சர்" என்றேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அவர் அதில் மாட்டவே இல்லை. அடுத்த வருஷமும் கயிறுதான், மணல் பானைதான், உத்தரத்தைத் தாண்டி எறிந்த நூல்தான். யுத்த காலத்தில் மண்ணெண்ணெய் கிடைக்காமல் விளக்கில்லாத நட்சத்திரத்தைக் கழியில் தொங்கவிட்டபோதும், ஆணி சும்மாவே இருந்தது. ஒரு முறை மனசு கேட்காமல் காரணம் கேட்டேன். "ஆணிக்குப் பழகிட்டா, நாளைக்கு வேற வீட்டுக்குப் போனாக் கஷ்டம் அக்கா" என்றார். என்மேல் கோபமா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஒன்பதாவது வருஷம் ஊருக்கு மேற்கே சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டிப் போனார்கள். புறப்பட்ட அன்று நான் அலங்காநல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மாலையில் திரும்பி வந்தபோது, "டீச்சரு சாவிய நீட்டுனா. எம் மருமககிட்ட குடுக்குறதுதான் ஒன் வழக்கம், அவ வந்ததும் குடுன்னேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிட்டா" என்றார் அத்தை. இரண்டு கட்டுக்கும் நடுவில், எப்போதும் டீச்சர் பக்கம் தாழிட்டிருக்கும் கதவு திறந்திருந்தது. உள்ளே போனேன். கூடம் கழுவி விட்டிருந்தது. நாலு சுவரிலும் ஒரு கீறல் இல்லை, ஒரு பொட்டுப் பசை இல்லை. என் ஆணியில் முன்கட்டுச் சாவி தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த ஒன்பது வருஷத்தில் அவர் அதில் மாட்டியது அது ஒன்றுதான். அதை எடுக்க எனக்கு மனம் வராமல் இரண்டு நாள் அப்படியே விட்டிருந்தேன். அத்தை போய்ச் சேர்ந்து, என் தலையும் நரைத்து, முன்கட்டில் எத்தனையோ பேர் இருந்து போய்விட்டார்கள். போன மாதம் குடிவந்த தம்பி காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த ஆணியில மாட்டிக்கிறலாமா அம்மா? புதுசா அடிச்சாச் சுவரு போயிரும்ல" என்று மரியாதையாகக் கேட்டார்.

"சுவரு போனாப் போகுது தம்பி. எங்க வேணும்னாலும் அடிச்சுக்கங்க" என்றேன். "அதுல மட்டும் எதையும் மாட்டாதீக."